ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வி

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் ஒரு படம் வரும். அதைப் பார்த்து உன் கருத்தை எழுது என்பது கேள்வி. 5 மதிப்பெண். படத்தில் மரக்கன்று நடும் பிள்ளைகள் இருக்கலாம், நெரிசலான சாலை இருக்கலாம், வெள்ளம் சூழ்ந்த வீடு இருக்கலாம். எந்தப் படம் வந்தாலும் எழுதிவிட்டு வர, சில வாக்கியங்கள் நம் பள்ளிகளில் புழக்கத்தில் உள்ளன. ‘திஸ் இஸ் எ நைஸ் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர். இட் கிவ்ஸ் எ குட் மெசேஜ்.’ மினிமம் மெட்டீரியல் என்று நாங்கள் அடித்துக் கொடுக்கும் தாள்களில் இவை வரிசை மாறாமல் இருக்கும். ஒரு திருப்புதல் தேர்வில், கூரை மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்த வீட்டின் படத்துக்குக் கீழேயும் அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்த விடைத்தாளைத் திருத்தினேன். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் தெருவிலிருந்து வருகிற பிள்ளை அது. அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு எவ்வளவோ இருந்திருக்கும்.

தேர்வு வாய்விட்டு ‘உன் கருத்து என்ன’ என்று கேட்கும் இடத்திலும் கருத்தை நாமே எழுதிக் கொடுத்து உருப்போடச் சொல்கிறோம். விருத்தாசலம் வட்டாரத்தில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்துவரும் நான், இதை மாற்ற முடியும் என்று நம்புகிறேன். அதற்குப் புதிய கருவிகள் வேண்டியதில்லை. நாம் வகுப்பில் கேட்கும் கேள்வி மாற வேண்டும். ஆசிரியருக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விக்குப் பிள்ளைகள் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். ஆசிரியருக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியைக் கேட்டால்தான் அவர்கள் சொந்தமாக ஒரு வாக்கியத்தைக் கட்ட முயல்வார்கள். படைப்பாற்றல் என்று பெரிய பெயர் வைத்து நாம் தேடுவது அங்கேதான் தொடங்குகிறது.

அச்சு குடிக்கும் தண்ணீர்

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் பழமலைநாதரைக் கும்பிட வருவார்கள். இல்லாவிட்டால் பீங்கான் பொம்மை வாங்க வருவார்கள். செராமிக் தொழிற்பேட்டையும் அதற்கென்றே ஓர் அரசுத் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கே இருக்கின்றன. கொலுவுக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மின்சாதனங்களுக்குப் பீங்கான் உதிரிகள் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு வேலை நடக்கும். என் வகுப்பில் இருப்பவர்களில் சிலருடைய அம்மா அந்தப் பட்டறைகளுக்குத்தான் போகிறார்கள். மற்றவர்கள் முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், நெல்லும் கரும்பும் போடுகிறவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள். ஆங்கிலம் இவர்கள் காதில் விழுவது பள்ளியின் அந்த ஒரு பீரியடில் மட்டும்தான். இரண்டாம் மொழி என்று பெயர் இருந்தாலும் நடைமுறையில் அது அவர்களுக்கு அயல்மொழி.

எட்டாம் வகுப்பில் செயப்பாட்டுவினை நடத்த வேண்டியிருந்தது. புத்தகத்திலிருந்த எடுத்துக்காட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, ‘பொம்மை எப்படிச் செய்கிறார்கள்? எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. பட்டறை வாசலோடு திரும்பியவள் நான்.

பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பொம்மையின் பிசிறு சீவும் வேலை. முதலில் தமிழில்தான் சொன்னாள். பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும், அதைச் சேர்த்து டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுவார்கள். களிமண் கரைசலை மேல் துளை வழியாக ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படியும். போதுமான தடிப்பு வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிடுவார்கள். கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை தானாகவே விட்டுக்கொண்டு வரும். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் சூளை.

‘இதை இங்கிலீஷில் சொல்லும்மா’ என்றேன். சொற்கள் வரவில்லை. கையால் காட்டினாள். உறிஞ்சுவதற்கு என்ன சொல்வது என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுப்பதற்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். ‘மோல்டு டிரிங்க் வாட்டர், மிஸ்.’ அச்சு தண்ணீர் குடிக்கிறது. ஒரே அச்சில் நாள் முழுக்க ஊற்ற முடியுமா என்று கேட்டேன். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: ‘மார்னிங் மோல்டு தேர்ஸ்ட்டி. ஈவ்னிங் மோல்டு ஸ்டமக் ஃபுல்.’

காலையில் அச்சுக்குத் தாகம், சாயங்காலம் அதற்கு வயிறு நிறைந்துவிட்டது. ஈரம் ஏறிப்போன பிளாஸ்டர் அச்சு அதற்குமேல் உறிஞ்சாது, அதைக் காயப்போட வேண்டும் என்கிற தொழில் உண்மை இதில் அப்படியே இருக்கிறது. வினைச்சொல் இல்லை, இலக்கணம் சரியில்லை. ஆனால் அந்த வாக்கியம் எந்த நோட்ஸிலும் கிடையாது. தான் கண்டதைத் தன்னிடமிருந்த சொற்ப ஆங்கிலத்தைக் கொண்டு ஒரு பெண் செய்துகாட்டிய வாக்கியம் அது. அதைக் கரும்பலகையில் எழுதினேன். ஊற்றப்படுகிறது, கவிழ்க்கப்படுகிறது, சீவப்படுகிறது என்று செயப்பாட்டுவினை அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. யார் ஊற்றினார்கள் என்பது முக்கியமில்லாமல், என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல அவர்களுக்கு அந்த இலக்கணம் தேவைப்பட்டது. தேவைப்பட்டபோது கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். பொம்மையை ஏன் வெயிலில் அவசரமாகக் காயவைக்கக் கூடாது என்று அடுத்த நாள் எழுதிக்கொண்டு வந்தவர்கள் விரிசலுக்கும் சுருங்குவதற்கும் என்னிடம் சொல் கேட்டு வாங்கிப் போனவர்கள்தான்.

நம் மாவட்டத்தில் நடந்த சோதனை

இப்படிக் கற்பிப்பது என் கண்டுபிடிப்பில்லை. உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பிப்போர் இன்றும் படிக்கிற ஒரு சோதனை, நம்முடைய பள்ளிகளில் நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் நம் கடலூரிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு புது முறையை நடத்திப் பார்த்தார். இலக்கண அமைப்புகளை வரிசையாக நடத்துவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடு, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடி என்பது போன்றவை. புத்தி முழுவதும் பொருளில் இருக்கும்போது மொழியின் அமைப்பு உள்ளே தானாகப் படியும் என்பது அவர் துணிபு. 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவருடைய நூலில் இது விரிவாக இருக்கிறது.

எடின்பரோவிலிருந்து வந்த ஆய்வாளர்கள் இந்தப் பிள்ளைகளையும் வழக்கமான முறையில் படித்த பிள்ளைகளையும் சோதித்தார்கள். இலக்கண அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புகள் முன்னால் நின்றன. கற்றதைப் பயன்படுத்த வேண்டிய சோதனைகளில் பிரபுவின் வகுப்புகள் முன்னால் நின்றன. எதைப் பழக்குகிறோமோ அதுதான் வளரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பிரபு வகுப்பறை வேலைகளை மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவருக்குப் போக வேண்டியது ஒன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததை யோசித்துக் கண்டுபிடிப்பது இரண்டாவது. தன் உணர்வையும் கருத்தையும் சொல்வது மூன்றாவது. தொடக்க நிலையில் இரண்டாவதே நல்லது என்று அவர் கருதினார். படைப்பெழுத்து அவருடைய நோக்கமும் இல்லை. அவர் போட்ட பாதையில் மூன்றாவதை நோக்கி இன்னும் கொஞ்சம் தூரம் நடக்கலாம் என்றுதான் நான் சொல்கிறேன்.

விருத்தாசலம் ஒரு ரயில் சந்திப்பு. விழுப்புரத்துக்கு, அரியலூர் வழியாகத் திருச்சிக்கு, நெய்வேலி வழியாகக் கடலூருக்கு, சின்னசேலம் வழியாகச் சேலத்துக்கு என்று நான்கு பக்கமும் தண்டவாளம் போகிறது. சின்னசேலத்திலிருந்து அரியலூர் போக வேண்டிய ஒரு பாட்டி இங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். கையில் முந்திரி மூட்டை, கண் சரியாகத் தெரியாது. எந்த வண்டியில் வரச் சொல்வாய், எங்கே உட்காரச் சொல்வாய், யாரிடம் என்ன கேட்கச் சொல்வாய்? கால அட்டவணையைக் கையில் கொடுத்து இந்த வேலையைக் கொடுத்தால் முதலில் பிரபுவின் கணக்கு நடக்கும். அதற்குப் பிறகு பிள்ளைகள் பாட்டிக்கு ஒரு பெயர் வைப்பார்கள். மூட்டை யாருக்குப் போகிறது என்று சண்டை போடுவார்கள். நான் கேட்காமலேயே கதை எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு பிராது

கடிதம் எழுதுவது எல்லா வகுப்பிலும் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்று ஆணையருக்கு எழுதும் கடிதத்தை முகவரியிலிருந்து ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ வரை பிள்ளைகள் பாராமல் எழுதுவார்கள். யாருக்கும் போகாத கடிதம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி, மனுவாகவே கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். காணாமல் போன நகையிலிருந்து தீராத குடும்பச் சண்டைவரை முருகனிடம் எழுத்தில் போகும். பேர், ஊர், நடந்தது என்ன, எனக்கு என்ன வேண்டும் என்று ஒழுங்காக எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதி வாங்குவார். தன் குறையைத் தன் சொல்லில் எழுதும் பழக்கம் எங்கள் ஊரில் இப்படிக் காலங்காலமாக இருந்துவருகிறது. ஒன்பதாம் வகுப்பில் கடிதப் பாடம் வந்தபோது, ‘ஒரு பிராது எழுதுங்கள், ஆங்கிலத்தில்’ என்றேன். கொளஞ்சியப்பருக்கு எழுத விருப்பமில்லாதவர்கள் தங்களுக்கு வேண்டிய யாருக்கும் எழுதலாம் என்றும் சொன்னேன்.

வந்த கடிதங்களில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. காலைப் பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது, அந்த ஓட்டுநரின் காலுக்கு ஒரு நாள் மட்டும் பிரேக்கை ஞாபகப்படுத்து என்று ஒருவன் கேட்டிருந்தான். வெளியூர் வேலைக்குப் போன அண்ணன் வாரத்துக்கு ஒரு முறையாவது போன் செய்ய வேண்டும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ஒருவன் பேருந்துப் பணிமனை மேலாளருக்கே எழுதினான். வகுப்பில் படிக்கக் கூடாத வேதனைகளும் சில கடிதங்களில் இருந்தன. அவற்றை மடித்து உரியவர்களிடமே கொடுத்தேன். பேச வேண்டியவர்களிடம் தனியாகப் பேசினேன். பிள்ளைகளை மனம்விட்டு எழுதச் சொல்லும் ஆசிரியர், அந்த எழுத்தைக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத வகுப்பில் எவரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

மறுப்புகளுக்கு என் பதில்

இலக்கணமே தெரியாத பிள்ளைக்குப் படைப்பெழுத்து எதற்கு என்பது நான் அதிகம் கேட்கும் கேள்வி. தமிழில் பேசுவதற்கு முன்னால் எந்தக் குழந்தையும் வேற்றுமை உருபு படித்ததில்லை. பிழையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் சிவப்பு மையைத் தொடாமல், சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது என்று மட்டும் தெரிவிக்கிறேன். இரண்டாவது முறை எழுதி வரும்போது ஒரே ஒரு வகைப் பிழையை எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரம் இறந்தகால வினை என்றால் அது மட்டும். ஒரு தாளில் முப்பது சுழியைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை மூன்று வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

மனப்பாடம் நம் மரபு, அதைக் குறை சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். ஆத்திசூடியும் குறளும் மனப்பாடமாகவே எனக்குள் வந்தன. அவை வாழ்நாள் முழுக்கக் கூட வருகின்றன. ஆங்கிலப் பாடல்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும், மொழியின் ஓசை அப்படித்தான் நாவில் ஏறும். நான் எதிர்ப்பது, பிள்ளையின் கருத்தையே நாம் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்வதை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. ஏழைப் பிள்ளைக்கு முதலில் தேர்ச்சி வேண்டும், 35 மதிப்பெண் வாங்கினால்தான் பிழைப்பு, படைப்பாற்றல் எல்லாம் வசதியானவர்களுக்கு என்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்படுவதால் இதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். தேர்ச்சி வேண்டும்தான், மினிமம் மெட்டீரியலை நானும் தருகிறேன். ஆனால் பத்தாம் வகுப்போடு எதுவும் முடிந்துவிடுவதில்லை. கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கோ பயிலகத்துக்கோ போய்விட்டு, அதே பிள்ளை ஒரு நாள் நேர்முகத் தேர்வில் உட்காரும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பார்கள். அதற்கு மெட்டீரியல் கிடையாது. காசு உள்ளவர்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் அதைச் சரிசெய்துகொள்கிறார்கள். அரசுப் பள்ளியில் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசிப் பழகாத பிள்ளைக்கு வேறு இடமே இல்லை. ஆகவே இது ஏழைப் பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும்.

நியூசிலாந்தில் மாவோரி இனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், இங்கிலாந்துப் பாடப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒட்டுதல் வராததைக் கண்டார். காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு இன்று என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயமும் பாசமும் கலந்த சொற்களைக் கேட்டு வாங்கிய குழந்தைகள் அவற்றை மறக்கவில்லை. 1963-இல் இது நூலாக வெளிவந்தது. அந்தக் குழந்தைகளும் வசதியானவர்கள் இல்லை.

எழுதிக் காட்டிய மண்

எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பனை வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதிய இமையம் 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை செய்தபடி ‘அஞ்சலை’ நாவலைத் தந்தார், எங்கள் நடுநாட்டுப் பகுதியின் சொற்களுக்கென்று ஓர் அகராதியையும் தொகுத்தார். த.பழமலய் ‘சனங்களின் கதை’யில் எங்கள் சனங்களைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். முந்திரிக்காடும் செம்மண்ணும் கூலிப்பாடும் இவர்கள் எழுத்தில் இலக்கியமாயின.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. எங்கள் பக்கத்து வாழ்க்கை ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது என்பதை என் மாணவர்களுக்குக் காட்டினால் அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நம் பாடப் புத்தகங்களில் ஷேக்ஸ்பியருக்குப் பக்கத்தில் இப்படியான பக்கங்களும் இடம்பெற வேண்டும்.

என்ன செய்யலாம்

பெரிய மாற்றத்தைத் தமிழ்நாடு செய்துகாட்டியிருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளைத் தொட்டது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆடலும் பாடலும் கதையும் இருக்கின்றன. சின்ன வகுப்பில் இப்படிக் கற்கும் பிள்ளை, மேலே வர வர வாயை மூடிக்கொள்கிறது. பொதுத்தேர்வின் நிழல் ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே விழுந்துவிடுகிறது.

ஆகவே தேர்விலிருந்தே தொடங்க வேண்டும். பட வினாவுக்கான 5 மதிப்பெண்ணில் பெரும்பகுதியை, அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும் வாக்கியங்களுக்குக் கொடுக்கும்படி விடைக்குறிப்பை மாற்றலாம். எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியத்துக்கு மதிப்பெண் குறையட்டும். பிழையோடு இருந்தாலும் சொந்தமாகச் சொன்னதற்குக் கூடட்டும். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லச் சொல்லும் வினாவையும் இப்படியே திருத்தலாம். ஒரே வருடத்தில் எல்லாப் பள்ளிகளிலும் பாடம் நடத்தும் விதம் மாறிவிடும்.

அடுத்தது, வாரத்தில் ஓர் ஆங்கிலப் பீரியட் பாடப் பகுதியிலிருந்து விடுதலை பெற வேண்டும். அந்த நேரத்தில் எத்தனை பக்கம் முடித்தீர்கள் என்று எந்த ஆய்வுக் கூட்டத்திலும் கேட்கக் கூடாது. மாணவர்களுக்காக அரசு நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் பிள்ளைகளின் படைப்புகள் அச்சேறுகின்றன. அதே மதிப்போடு ஒவ்வொரு பள்ளியிலும் ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து இதழ் வர வேண்டும். ஆசிரியர் பயிற்சிகளில் உரை கேட்டுவிட்டுத் திரும்புவதற்குப் பதிலாக, நாங்களும் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வேண்டும். எழுதாத ஆசிரியர் எழுத வைக்க முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மார்க் எவ்வளவு என்று கேளுங்கள், தவறில்லை. அதோடு, இன்றைக்கு இங்கிலீஷில் நீயாக என்ன சொன்னாய் என்றும் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டாம். பிள்ளை தமிழில் விளக்கிச் சொல்லும்போது அந்த ஆங்கிலம் இன்னொரு முறை உள்ளே போய் உட்காரும்.

சக ஆசிரியர்களே, சுற்றறிக்கை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பீங்கான் இல்லாவிட்டால் தறி இருக்கும், உப்பளம் இருக்கும், மீன்பிடி வலை இருக்கும், டீக்கடை இருக்கும். அதைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். அது தட்டுத் தடுமாறி வாக்கியத்தை முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். இதை நாளைக்கே செய்யலாம்.